அயல்மண்ணில் பழகிய சுவை

சொந்த ஊரை விட்டுத் தூரதேசம் செல்லும் ஒருவன் முதற் சில நாள்கள் எல்லாவற்றையும் வியப்போடு பார்க்கிறான். வீதியும் கட்டடமும், உடையும் பேச்சும், வெயிலும் குளிரும் அவனுக்குப் புதியவை. உணவும் புதியதே, அதனையும் அவன் ஆவலோடு உண்கிறான். ஒரு கிழமை, இரு கிழமை சென்றபின் வேறொரு நிலை வந்து சேர்கிறது. வயிற்றிலே பசி இருக்கிறது. எதிரிலே நல்ல உணவும் இருக்கிறது. ஆயினும் கை அதன்பாற் செல்ல மறுக்கிறது. அவன் தேடுவது அங்கே இல்லை. அஃது ஒரு பிடி சோறாக இருக்கலாம். ஒரு துண்டு ரொட்டியாக இருக்கலாம். ஊரிலே இருந்த காலத்தில் அவன் ஒருபொருட்டாகவும் மதியாத ஓர் ஊறுகாயாகவும் இருக்கலாம்.

இதனை நாவடக்கம் இல்லாமை என்று நகைப்பாரும் உளர். வரலாற்றை ஊன்றி நோக்கினாலோ, பேரரசன் முதற் கூலியாள் ஈறாக அயல்நாட்டில் வாழ்ந்தவருள் இவ்வேட்கைக்கு ஆளாகாதவர் அரியர் என்பது புலனாகும். இது கப்பல்களைச் செலுத்தியிருக்கிறது. காடுகளைத் திருத்தித் தோட்டமாக்கியிருக்கிறது. மொழிகளுக்குப் புதிய சொற்களைக் கொடுத்திருக்கிறது. இத்தகைய வேட்கை எங்கிருந்து பிறக்கிறது? எங்கே சென்று முடிகிறது?

முதலில் ஒரு பேரரசரின் கதையை எடுத்துக்கொள்ளலாம். பாபர் 1483ஆம் ஆண்டில், மத்திய ஆசியாவிலுள்ள பெர்கானாப் பள்ளத்தாக்கிலே பிறந்தவர். முலாம்பழத்துக்கும் திராட்சைக்கும் பேர்போன நிலம் அது. இளமையிலேயே நாட்டை இழந்து அலைந்த பாபர், 1504இல் காபூலைக் கைப்பற்றினார். 1526ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் பானிப்பட்டுப் போர்க்களத்தில் இப்ராகிம் லோடியை வென்று, டில்லியையும் ஆக்ராவையும் தமதாக்கினார்.

வென்ற நாட்டைப்பற்றி அவர் எழுதிய குறிப்புகள் படிப்பவரை வியப்பில் ஆழ்த்துவன. துருக்கி மொழி வகையொன்றில் எழுதப்பட்ட 'பாபர் நாமா' என்னும் தம் நினைவுநூலில், இந்துஸ்தானம் பரந்த நாடு என்பதையும் பொன்னும் வெள்ளியும் மிக்கது என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். அதே நூலில், அந்நாட்டில் இல்லாதவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். நல்ல திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை, குளிர்ந்த நீர் இல்லை, கடைத்தெருவில் நல்ல ரொட்டி இல்லை என்று அப்பட்டியல் நீள்கிறது. மாம்பழத்தை அவர் சுவைத்தார். நல்லது நல்லதே என்றும் எழுதினார். ஆயினும் அதனைப் பெரிதாகப் புகழ்ந்தவரோடு அவர் உடன்படவில்லை. ஒரு பேரரசைப் பெற்றவர், பெறாத ஒரு பழத்தையே நினைந்துகொண்டிருந்தார்.

அவருடைய படைவீரருக்கும் அதே நிலைதான். அவ்வாண்டுக் கோடையின் வெம்மையைத் தாங்கமாட்டாது பலர் காபூலுக்குத் திரும்ப விரும்பினர். அவர்களுள் முதல்வர் பாபரின் நெருங்கிய நண்பரான குவாஜா கலான் என்பவர். பாபர் தடுத்தும் அவர் நில்லாது புறப்பட்டார். புறப்படுமுன், சிந்துநதியை நலமே கடந்தபின் மீண்டும் இந்நாட்டை விரும்பேன் என்னும் கருத்தமைந்த ஈரடிப் பாட்டொன்றைத் தம் வீட்டுச் சுவரில் எழுதிவைத்துச் சென்றார். பாபர் அதனை அறிந்து வருந்தினார். அவர் மட்டும் தங்கினார்.

தங்கியவர் புதிய நாட்டின் உணவைப் பழகிக்கொள்ள முயன்றதும் உண்டு. இந்துஸ்தானத்து உணவு எத்தகையது என அறியும்பொருட்டு, தோற்ற மன்னனின் சமையற்காரரை வரவழைத்து, அவருள் நால்வரைத் தம் மடைப்பள்ளியில் அமர்த்திக்கொண்டார். அதன் விளைவு விபரீதமாயிற்று. இப்ராகிம் லோடியின் தாய் அச்சமையற்காரருள் ஒருவன் வாயிலாக, 1526ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் பாபரின் உணவில் நஞ்சு கலப்பித்தாள். உண்டதை உடனே வாந்தியெடுத்தமையால் அவர் உயிர்தப்பினார். அயலவர் கையால் உண்பதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறு இல்லை. பிறந்த வீட்டில் உண்பவன் அந்நம்பிக்கையைப் பற்றி எண்ணிப் பார்ப்பதே இல்லை. பிறர் நாட்டில் உண்பவன், அதிலும் வென்ற நாட்டில் உண்பவன், ஒவ்வொரு கவளத்திலும் அதனை எண்ண வேண்டியவனாகிறான்.

1529ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பாபர், காபூலில் இருந்த குவாஜா கலானுக்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். ஆட்சிக் காரியங்கள் பலவற்றைப் பற்றிய கடிதம் அது. அதன் நடுவே, அண்மையில் தமக்கு ஒரு முலாம்பழம் கொண்டுவரப்பட்டதையும், அதனை அறுத்து உண்டபோது தாம் கண்ணீர் விட்டு அழுததையும் அவர் மறையாது தெரிவித்தார். போர்க்களத்திற் கலங்காத ஒருவரை ஒரு பழத்துண்டு கலங்கச் செய்துவிட்டது.

பாபர் எதன்பொருட்டு அழுதார்? பழத்தின் இனிமைக்காக என்றால், பழம் கையில் இருந்தபோது மகிழ்ந்திருக்க வேண்டும். பழம் கிடைத்தபோதுதான் அழுகை வந்தது. அதன் மணத்தோடு அவர் இழந்த தோட்டங்களும், இளமையிற் கூடியிருந்து உண்ட தோழரும், குளிர்ந்த ஓடை நீரும் ஒருங்கே வந்து நின்றன போலும். பழகிய உணவு அயல்நாட்டில் வயிற்றை நிரப்புவதோடு அமைவதில்லை; தான் யாராக இருந்தான் என்பதை உண்பவனுக்கு நினைவூட்டுகிறது. அந்நினைவு இல்லாமல் வாழ்வது பசியோடு வாழ்வதிலும் கடினம்.

அழுததோடு பாபர் அமைந்துவிடவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. பல்கு நகரத்திலிருந்து வந்த தோட்டக்காரன் ஒருவனைக்கொண்டு ஆக்ராவிலே முலாம்பழம் பயிரிடச் செய்தார்; தமது தோட்டத்திற் கொடிமுந்திரியும் நட்டார். 1529ஆம் ஆண்டின் நடுவில் முலாம்பழங்கள் சிலவும் நல்ல திராட்சையும் அவர் கைக்கு வந்தன. இந்துஸ்தானத்து மண்ணில் இவை விளைந்தது தமக்கு நிறைவளித்தது என அவர் எழுதினார். அழுகையிலிருந்து நிறைவுக்கு வந்த வழி ஒரு தோட்டத்தினூடாகச் சென்றது. அந்நிய மண்ணிலே தன் விதை முளைத்துவிட்டால், அம்மண் அந்நாள் முதல் முழு அந்நியமாய் இருப்பதில்லை.

பாபர் இல்லையென வருந்திய பொருள்களுள் ஒன்று பனிக்கட்டி. முந்நூறு ஆண்டுகள் சென்றபின், அதே நாட்டில் அதே பொருளுக்காக ஏங்கியோர் ஆங்கிலேயர். அவர்கள் ஏக்கத்தைத் தீர்த்துவைத்தவர் பிரெடெரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர். மாரிகாலத்திலே பொஸ்டன் நகரத்தை அடுத்த ஏரிகள் உறைந்து கிடக்கும். உறைந்த நீரைக் கல்லறுப்பது போல அறுத்து, மரத்தூளினுள்ளே பொதிந்து, கப்பலில் ஏற்றி வெப்பநாடுகளுக்கு விற்பது அவர் தொழில். 1833ஆம் ஆண்டிலே 'டஸ்கனி' என்னும் கப்பல் ஏறத்தாழ 180 தொன் பனிக்கட்டியோடு பொஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நன்னம்பிக்கைமுனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு மாதங்களின் பின் கல்கத்தாவை அடைந்தது. வழியிற் கரைந்தது போக, ஏறக்குறைய 100 தொன் எஞ்சியிருந்தது. அங்கிருந்த ஆங்கிலேயர் அதனை விழா எடுத்து வரவேற்றனர்.

சென்னைக்கும் அப்பனிக்கட்டி வந்தது. அதனைச் சேமித்துவைக்க 1842ஆம் ஆண்டளவிற் கடற்கரையோரமாக ஒரு கட்டடம் எழுப்பப்பட்டது. செயற்கைப் பனிக்கட்டி செய்யும் முறை பரவியபின் அவ்வணிகம் அற்றொழிந்தது, கட்டடம் கைமாறியது. 1897இல் விவேகானந்த அடிகள் அங்கே சில நாள் தங்கினார். ஐஸ் அவுஸ் என மக்கள் அழைத்துவந்த அம்மாளிகை விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரோடு இன்றும் நிற்கிறது. ஓர் இனத்தாரின் தாகத்துக்குக் கட்டிய வீடு, பிறிதோர் இனத்தாரின் நினைவிடமாயிற்று.

பனிக்கட்டிக்குப் பின் தகரப்பேணிகள் வந்தன. உணவைக் காற்றுப்புகாது அடைத்துக் காய்ச்சி, கெடாது பேணும் முறையைப் பிரான்சு தேசத்து நிக்கொலா அப்பேர் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்டார். 1813ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே தகரப்பேணி உணவுத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் விருந்துகளிற் பேணியில் அடைத்த மீனும் இறைச்சியும் காய்கறியும் பெருமைக்குரிய பண்டங்களாயின. கடலிலே அன்று பிடித்த மீன் சந்தையில் மலிந்து கிடக்க, அவர்கள் பல மாதங்களுக்குமுன் இங்கிலாந்தில் அடைத்த மீனைத் திறந்து உண்டனர். இதனைக் கண்டித்தவர் ஓர் ஆங்கிலேயரே. சென்னைப் படையில் அதிகாரியாய் இருந்த கென்னி ஹேர்பேட் என்பவர், 'வைவேன்' என்னும் புனைபெயரில், சென்னைச் சமையலைப் பற்றி 1878இல் ஒரு நூல் வெளியிட்டார். உள்ளூரிற் கிடைக்கும் நல்ல பொருள்களை விட்டுப் பேணிகளை நாடும் வழக்கத்தை அந்நூலில் அவர் எள்ளினார். பேணியைத் திறந்தவர் நாடியது மீனின் சுவையை அன்று என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். பேணியின் மேலே ஒட்டியிருந்த தாய்நாட்டுப் பெயரைத்தான் அவர்கள் உண்டார்கள்.

ஆயினும் அயல்நாட்டுச் சுவை அவர்கள் அறியாமலே அவர்கள் நாவில் இடம்பிடித்திருந்தது. ஆங்கிலேயர் தம் உணவைச் சூப்பு எனப்படும் நீர்மப் பண்டத்தோடு தொடங்குபவர். சென்னைப்பக்கத்துச் சமையற்காரர் அவ்விடத்துக்கு ஏற்றதென எடுத்துக்கொடுத்தது மிளகுதண்ணீர். அதனோடு இறைச்சியும் பிறவும் சேர்ந்து வேறோர் உருவம் பெற்றது. 'மல்லிகடோனி' எனப் பெயரும் திரிந்தது. தமிழ்ச்சொல்லொன்று இவ்வாறு ஆங்கில அகராதியுட் புகுந்தது.

அதிகாரிகள் வேலை முடிந்து இங்கிலாந்துக்குத் திரும்பினர். பல ஆண்டுகள் தாம் ஏங்கிய ரொட்டியும் வெண்ணெயும் ஆட்டிறைச்சியும் அங்கே வேண்டியமட்டும் கிடைத்தன. அப்பொழுது அவர்கள் நா வேறொன்றைத் தேடத் தொடங்கியது! அத்தேட்டத்தை அறிந்து பயன்கொள்ள முயன்றவர் பாட்னாவிற் பிறந்த தீன் மகமது என்பவர். கிழக்கிந்தியக் கம்பனியின் படையிலே தொண்டாற்றி, அயர்லாந்திற் குடியேறி, பின் இலண்டனை அடைந்த அவர், 1810ஆம் ஆண்டில் அந்நகரத்தின் ஜோர்ஜ் வீதியில் 'இந்துஸ்தான் கோப்பிக்கடை' என ஓர் உணவுச்சாலையைத் திறந்தார். இந்திய முறையிற் சமைத்த உணவும் உக்காப் புகையும் அங்கே கிடைத்தன. இந்தியாவிலிருந்து மீண்ட கனவான்களை நம்பியே கடை நடத்தப்பட்டது. வருமானம் செலவுக்குப் போதாமையால் 1812இல் அவர் கடனாளியாய்க் கடையை இழந்தார். அவர் தொடங்கிய முயற்சி அவரோடு அழியவில்லை. இன்று இந்திய உணவுச்சாலை இல்லாத நகரம் இங்கிலாந்தில் இல்லை எனலாம்.

சென்னையில் இருந்தபோது இங்கிலாந்தின் உணவைத் தேடியவர், இங்கிலாந்தில் இருந்தபோது சென்னையின் உணவைத் தேடினர். அவர்கள் நா எந்த நாட்டுக்கு உரியது? எந்த இடத்தில் இல்லையோ அந்த இடத்தையே அது நாடியது. பிரிந்த பொருளே சுவை மிகுந்து தோன்றுவது மனித இயல்பு.

இலங்கைக்கு வந்த அயலாரும் இவ்வியல்புக்கு விலக்கல்லர். அவர்கள் ஏக்கத்தின் சுவடுகளை ஏடுகளில் தேட வேண்டியதில்லை. இந்நாட்டுத் தமிழர் வீட்டு அடுக்களையிலேயே காணலாம். காலையில் உண்ணும் பாண் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். கோவா என்னும் சொல்லும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. போஞ்சி ஒல்லாந்தர் சொல்லின் திரிபு. புத்தாண்டு நாளிற் சிங்கள மக்களின் பலகாரத் தட்டில் தவறாது இடம்பெறும் கொக்கிஸ், பெயரால் ஒல்லாந்தருடையது. பறங்கியர் வீடுகளில் வாழையிலையிற் பொதிந்து வேகவைக்கும் லம்பிறைஸ் என்னும் சோற்றுப்பொதியோ, ஒல்லாந்தர், சாவகர், இலங்கையர் ஆகிய முத்திறத்தார் கைவண்ணமும் கலந்தது. கோட்டைகளைக் கட்டியவர் போய்விட்டனர்; அவர்கள் ஊர் நினைவிற் சுட்டுத் தின்ற பண்டம் இந்நாட்டவர் விழாவிலே தங்கிவிட்டது.

இனி, நுவரெலியாவை நோக்கலாம். கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலே அமைந்த அவ்விடம் தம் தாய்நாட்டுக் குளிரை ஆங்கிலேயருக்கு நினைவூட்டியது. அங்கு நோய்தீர்ந்து நலம்பெற்ற சாமுவேல் பேக்கர் என்பவர், ஆங்கிலக் கிராமமொன்றை அம்மலையில் அமைக்க எண்ணினார். 1848ஆம் ஆண்டில் குடும்பத்தவரும் தொழிலாளரும் அடங்கிய ஒரு கூட்டத்தை இங்கிலாந்திலிருந்து வருவித்தார். கொல்லனும் வந்தான், கால்நடைகளும் விதைகளும் கலப்பையும் வந்தன. மலை எளிதில் இணங்கவில்லை. மண் வளமற்றிருந்தது, பயிரைப் புழுவும் காட்டு விலங்கும் அழித்தன, கால்நடைகள் நோயில் மடிந்தன. 1855இல் பேக்கர் இலங்கையை விட்டுச் சென்றார்.

விதைகள் செல்லவில்லை. உருளைக்கிழங்கும் கரட்டும் லீக்ஸும் பீற்றூட்டும் அம்மலையிலே வேரூன்றின. இன்று நுவரெலியா மரக்கறி வந்திறங்காத சந்தை இலங்கையில் இல்லை. ஆங்கிலேயன் உப்புநீரில் அவித்துத் தின்ற கோவா, யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூவும் மஞ்சளும் இட்ட வறையாயிற்று. பீற்றூட் தேங்காய்ப்பாலிற் கொதித்துக் கறியாயிற்று. இவற்றை அந்நிய உணவென்று இன்று எவரும் கருதுவதில்லை.

இதுகாறும் கூறியவை ஆட்சி செய்தவர் கதை. பேரரசர் தோட்டக்காரனை வரவழைத்தார். துரைமார் கப்பலையும் மலையையும் தம் நாவுக்குப் பணியவைத்தனர். அதே நுவரெலியா மலைச்சாரலில், அதே காலத்தில், ஏக்கம் கொண்ட வேறொரு கூட்டத்தாரும் வாழ்ந்தனர். தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த தொழிலாளர் அவர்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டை நோக்கி நடந்தவருட் பலர் வழியிலேயே மாண்டனர். அவர்கள் உண்ணும் அரிசியும் கடல்கடந்தே வந்தது. தோட்டத்தார் அதனை அளந்து கொடுத்து, விலையைக் கூலியிற் கழித்துக்கொள்வர். பழகிய சோற்றை உண்பதற்கு அவர்கள் தம் உழைப்பையே விலையாகக் கொடுத்தனர். ஆள்வோனின் ஏக்கத்துக்குப் பிறர் உழைத்தனர். உழைப்போனின் ஏக்கத்துக்கு அவனே உழைக்க வேண்டியிருந்தது.

இன்னும் தொலைவுக்குச் சென்ற தமிழரும் பலர். அடிமைமுறை ஒழிந்தபின், 1834ஆம் ஆண்டு முதல் மொரீசியசுத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். 1860ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' என்னும் கப்பல், 300க்கு மேற்பட்டோரைத் தென்னாபிரிக்காவின் நேற்றால் கரையில் இறக்கியது. கப்பலில் இவர்களுக்கு அரிசியும் பருப்பும் புளியும் மிளகாயும் அளந்து கொடுக்க விதி இருந்தது. கரையிறங்கியபின் விதிப்படி எல்லாம் கிடைக்கவில்லை. நேற்றாலில் அரிசி அரிது; சோளம் மலிவு. சோளத்தை அரிசியளவாக உடைத்துச் சோறுபோல் ஆக்கி, அதன்மேற் பருப்பை ஊற்றி உண்ணக் கற்றுக்கொண்டனர். சோறு மாறியது; ஊற்றிய கறி மாறவில்லை. கறிவேப்பிலையும் முருங்கையும் அங்கே அவர்கள் வீட்டு முற்றங்களில் தழைத்தன.

இவற்றுள் ஒன்று தனியே எடுத்துச் சொல்லத்தக்கது. மொரீசியசுக்கு அண்மையிற் பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்குட்பட்ட றியூனியன் என்னும் தீவு உண்டு. 1848இல் அங்கு அடிமைமுறை ஒழிந்தபின், புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைகள் வழியாகத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்தம் வழிவந்தோருட் பெரும்பாலார் இன்று தமிழ் பேச அறியார். பிரெஞ்சும் அத்தீவின் கலப்புமொழியுமே அவர்கள் பேச்சு. பெயர்களும் மாறின. ஆயினும் முருங்கைக்கீரையை அவர்கள் 'பிரேட் முருங்க்' என்றே அழைக்கின்றனர். 'பிரேட்' என்பது அங்குக் கீரைக்குப் பொதுப்பெயர். பின்வரும் சொல் எதுவெனத் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொரீசியசிலும் அச்சொல் 'முறும்' எனச் சிறிது குறுகி வழங்குகிறது. அத்தீவில் தமிழர் திருமணத்திலும் கோயில் விழாவிலும் வாழையிலையில் ஏழு கறி படைக்கும் வழக்கமும் நிலைபெற்றிருக்கிறது.

மொழி போனபின்னும் ஒரு கீரையின் பெயர் எவ்வாறு தங்கியது? பள்ளிக்கூடம் அதனைக் கற்பிக்கவில்லை. அச்சுப் புத்தகம் அதனைக் காக்கவில்லை. தாய் மகளுக்குச் சொன்னாள். மகள் தன் மகளுக்குச் சொன்னாள். அடுப்பங்கரையில் வழங்கிய அச்சொல்லை மாற்றவேண்டும் என எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை. ஆட்சியின் கை எட்டாத இடத்தில் அது பிழைத்துக்கொண்டது.

அண்மைக்காலத்தில் இதே ஏக்கம் இலங்கைத் தமிழர் பலரின் வீட்டுக் கதையாகவும் ஆயிற்று. 1983ஆம் ஆண்டின் வன்செயல்களுக்கும் தொடர்ந்த நீண்ட போருக்கும் தப்பி, இலட்சக்கணக்கானோர் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் குடியேறினர். றொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியிலும், பாரிசின் லா சப்பல் வீதிகளிலும், இலண்டனின் ஈஸ்ற்ஹாம், ரூட்டிங் ஆகிய இடங்களிலும் தமிழ்க் கடைகள் வரிசையாக நிற்கின்றன. வறுத்து இடித்த யாழ்ப்பாணக் கறித்தூளும், சிவப்பு அரிசிமாவும், குரக்கன்மாவும், கட்டியாக உறைந்த மீனும் அங்கே கிடைக்கும். அவற்றோடு ஒடியல்மாவும் கிடைக்கும்.

ஒடியல் என்பது பனங்கிழங்கைப் பச்சையாகவே பிளந்து வெயிலில் உலர்த்தியது. அதன் மாவிற் காய்ச்சும் கூழ் ஒருகாலத்தில் வடபகுதியில் எளியவரின் உணவு. அரிசி தட்டுப்பட்ட நாளில் வயிறு காத்தது அது. மீனும் நண்டும் இறாலும், பயற்றங்காயும் பலாக்கொட்டையும், புளியும் மிளகாயும் ஒரே பானையில் வெந்து மணக்கும். வீட்டு முற்றத்தில் வட்டமாக இருந்து, பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, சுடச்சுடக் குடிப்பர். ஊரிலே இருந்தபோது, விருந்தினர் முன் அக்கூழை வைக்க நாணியவர் உண்டு. இன்று வெண்பனி பொழியும் நகரத்தில், அதே மாவை உயர்ந்த விலைக்கு வாங்கி, உறவினரை அழைத்து, விருந்தாக வைக்கின்றனர். பலாவிலை இல்லை, கடதாசிக் கிண்ணத்திற் குடிக்கின்றனர். முற்றம் இல்லை, கதவடைத்த அறையில் இருந்து குடிக்கின்றனர். ஆயினும் பானையைச் சுற்றி வட்டமாகவே இருக்கின்றனர்.

அவ்வட்டத்தின் ஓரத்தில் அந்நாட்டிற் பிறந்த பிள்ளையொன்றும் இருக்கும். அதற்கு அக்கூழ் உறைப்பாக இருக்கும். ஒடியலின் சிறுகைப்பும் பிடியாது. பெற்றோர் வருந்துவர். தாம் சுமந்துவந்தது தம்மோடு முடிந்துவிடுமோ என்னும் அச்சம் அவர்களைப் பற்றிக்கொள்ளும். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. பனந்தோப்பைக் காணாத பிள்ளைக்கு ஒடியல் எதனையும் நினைவூட்டாது. பெற்றோர் பருகுவது தம் ஊரை. பிள்ளை பருகுவது ஒரு கூழை மட்டும். ஒருவருடைய நினைவை மற்றொருவர் நாவில் ஊற்றிவிட முடியாது.

ஆயினும் வரலாறு ஓர் ஆறுதலையும் சொல்கிறது. நாடுகடந்து சென்ற உணவு சென்றபடியே நிலைத்த இடம் எங்குமில்லை. மிளகுதண்ணீர் சூப்பாயிற்று, கோவா வறையாயிற்று, சோளம் சோறாயிற்று. மாறாமற் காக்க நினைத்தவர் பேணியில் அடைத்த மீன் அவர்களோடு மறைந்தது. மாற இடங்கொடுத்த பண்டங்களே பேரப்பிள்ளை காலம்வரை வாழ்ந்தன. உறைப்பைக் குறைத்தும், உள்ளூர் மீனை இட்டும், அப்பிள்ளை நாளை காய்ச்சும் கூழ் பாட்டியின் கூழாக இராது. அதனைக் கூழ் என்று அது அழைக்குமாயின் அதுவே போதும். றியூனியன் தீவில் எஞ்சியது அத்தகைய ஒரு சொல்லே.

பாபர் 1530ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆக்ராவிலே காலமானார். முதலில் அங்கேயே அடக்கப்பட்ட அவருடல், சில ஆண்டுகளின் பின் அவர் விரும்பிய காபூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஒரு தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வந்தவர் திரும்பிவிட்டார். யமுனைக் கரை மணலிலோ கோடைதோறும் முலாம்பழம் பழுத்துக் கிடக்கிறது. அதனை வாங்கி அறுத்து உண்பவர் எவரும் அழுவதில்லை. அவர்களுக்கு அது தம் ஊர்ப் பழம்.